சுவர் சார்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான நாற்காலி அவரைத் தாங்கவில்லை. கடைசி வரிசையில் அவர் படாரென்று தரையில் உட்கார்ந்ததும் வகுப்பே எழுந்து நின்று சிரித்தது. பாவம், யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குத்தான் அவர் வந்திருந்தார்.

கல்வி அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே, தலை நரைத்த பிறகு பல்கலைக்கழகத்தில் கல்விக் கொள்கை படிக்கிறார். காலையில் முதல் வேலையாகக் கதை சொன்னால் பிள்ளைகள் மட்டம் போடாமல் வருவார்களா என்பதுதான் ஆய்வு. பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும் இந்த வகுப்பை அவரேதான் கேட்டு வாங்கினார். இளவயதில் ஒரே ஒரு வருடம் வாத்தியாராக இருந்தபோது அவர் வகுப்பும் இப்படித்தான் கிடந்தது. தன்னைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று தானே முடிவுகட்டி, மாற்றல் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடியவர். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

நாற்காலிக் கதையைக் கேட்டு ஆய்வு நெறியாளர் போனிலேயே குதித்தார்.

"பாக்குறவர் சுவர் மாதிரி இருக்கணும்யா! பிள்ளைங்க உங்களைக் கவனிச்சா ஆய்வே குப்பை!"

"சுவர் மாதிரியா?" என்றாள் மனைவி. "அப்போ சுவர் கலர்லயே ஒரு சட்டை போட்டுக்கோங்க."

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். மறுநாள் அவர் வகுப்புச் சுவரின் அதே வெளிர்பச்சையில் ஒரு சட்டையோடு போய் நின்றார்.

"சுவர் சார் வந்துட்டாரு!"

அடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார். அதன் பக்கத்தில்தான் குப்பைக்கூடை. அன்றைக்கென்று எல்லாருடைய பென்சிலும் மொக்கையாகிவிட்டது. வகுப்பாசிரியை கதையைச் சுற்றறிக்கை மாதிரி வாசித்துக்கொண்டிருக்க, இங்கே பென்சில் சீவ வரிசை நின்றது.

"சார், உங்க கால் தெரியுது," என்றது ஒரு கிசுகிசுப்பு.

இழுத்துக்கொண்டார்.

"இப்ப முழங்கை தெரியுது சார்."

வெளியே ஜன்னலோரச் செடிக்குப் பின்னால் குந்திப் பார்த்தார். காவலாளி வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாருய்யா நீ?"

"நான்... ஆராய்ச்சி பண்றேன்."

"வர்ற திருடன் எல்லாம் இதைத்தான்யா சொல்றான்!"

"விடுங்க தாத்தா! அது எங்க சார்!" என்று ஜன்னல் முழுக்கத் தலைகள் கத்தின. 'எங்க சார்' என்று அவரை யாரும் அதுவரை சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது, செடியில் தூசி என்று சமாளித்தார்.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் பெஞ்சுகள் நிரம்பிக்கொண்டே வந்தன. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் தலைகாட்டாததால் 'வெள்ளி' என்று பேர் வாங்கிய சிறுமிகூட தினமும் வந்து முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"பிரமாதம்!" என்றார் நெறியாளர். "கதைத் திட்டம் ஜெயிச்சிடுச்சு. எல்லாப் பள்ளிக்கும் பரிந்துரை பண்ணலாம். பிள்ளைங்க உங்களைக் கவனிக்கலையே?"

"அவ்வளவா... இல்ல சார்."

மனசெல்லாம் பூரிப்போடு கடைசி நாள் விடைபெறப் போனார். வெள்ளி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு எங்க ஒளிஞ்சுப்பீங்க சார்?"

"இனிமே வரமாட்டேம்மா. என் வேலை முடிஞ்சிடுச்சு. நீங்க எல்லாரும் தினமும் வந்து கதை கேக்கணும், சரியா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களே வரலைன்னா, நாங்க எதுக்கு சார் வரணும்?"