டேஷ்போர்டுக்கு ஒரு மெத்தை

டக்.

பித்தளை ஸ்விட்சை மேலே தட்டினால் எழும் சத்தம் அது. சின்ன வயதில் கீழக்கரை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு லுக்மான் கேட்டது. அதன் பிறகு எத்தனையோ சத்தங்கள் காதில் விழுந்து, விழுந்த வழியே போய்விட்டன. இது மட்டும் தங்கிவிட்டது.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஹார்டுவேர் கடை வைத்து, தலையும் நரைக்கத் தொடங்கிய பிறகு, பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்துத் தன் கையாலேயே ஒரு கார் கட்டினார். குட்டிக் கார். இரண்டே சீட்டு. பளபளக்கும் அலுமினிய டேஷ்போர்டில் பித்தளை ஸ்விட்சுகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. லைட்டுக்கு டக். வைப்பருக்கு டக். எதற்கும் உபயோகமில்லாத ஸ்விட்சுகள் இரண்டு; அவையும் டக்.

அந்த ஸ்டியரிங்கை மனைவி சப்ரீனா தொடக் கூடாது. பலமுறை தோற்று அவள் வாங்கிய லைசென்ஸ் பர்ஸிலேயே பழசாகிக்கொண்டிருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன் மச்சான்."

"இது காரில்ல புள்ள. என் பிள்ளை."

"அப்ப எனக்கும் பிள்ளைதானே?"

லுக்மான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டியை ரோட்டில் விடுவதற்கு முன் நடக்கும் சோதனைக்கு அங்கே பாஸிங் என்று பேர். அந்தப் பாஸிங்கில் கார் தோற்றது. இன்ஸ்பெக்டர் யஹ்யா டேஷ்போர்டின் விளிம்பில் விரலை ஓட்டினார். ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு பேசினார். வண்டி மோதினால் முகம் இதில்தான் வந்து விழும். விளிம்பெல்லாம் மெத்தை வேண்டும். ஸ்விட்ச் ஒன்றும் வெளியே நீட்டக் கூடாது.

லுக்மான் ஒரு திட்டம் போட்டார். மெத்தை பாஸிங்குக்கு மட்டும். மறுநாளே உரித்துவிடலாம். சப்ரீனா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். அவளிடம் போனார்.

"தைச்சுத் தர்றேன். ஆனா அளவெடுக்க டிரைவர் சீட்டுல உக்காரணும்."

"அளவுக்கு மட்டும்."

"அளவுக்கு மட்டுந்தான்."

உட்கார்ந்தாள். லுக்மான் ஆறடிக்கு மேல். அவள் அவருடைய சட்டைப் பை உயரம்.

"இந்தச் சீட்டு முன்ன பின்ன நகராதா மச்சான்?"

"நானே வெல்டு வச்சது. பூகம்பம் வந்தாலும் நகராது."

"நல்லது," என்றாள்.

பாஸிங் அன்று காலையில்தான் மெத்தையை ஒட்டி முடித்தாள். "பசை காயணும், உக்காந்துடாதீங்க," என்றாள். நம்பர் வாங்காத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் ரெக்கவரி லாரியில் ஏற்றிப் போனார்கள்.

சோதனை நிலையத்தில் லுக்மான் முதல்முறையாக மெத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் அதற்குள் அமிழ்ந்தன.

"பிரேக்," என்றார் யஹ்யா.

லுக்மான் காலைத் தூக்கிப் பார்த்தார். கால் வரவில்லை.

"பிரேக் மாஃபி," இல்லை என்று அரபியில் கையை விரித்தார் யஹ்யா, வருத்தத்தோடு.

சப்ரீனா முன்னே வந்தாள். இவர் சும்மா வண்டியைக் கொண்டுவந்தவர், ஓட்டப்போவது நான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி லைசென்ஸை நீட்டினாள். பையிலிருந்து அதே துணியில் தைத்த முதுகுமெத்தை ஒன்றை எடுத்துச் சீட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரேக் பிடித்தது. ஸ்டியரிங் திரும்பியது. மெத்தையின் குழிகளுக்குள் விரலை விட்டு ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிக் காட்டினாள். டொப். டொப். லுக்மான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கலாஸ். பாஸ்," என்ற யஹ்யா, மெத்தையை உரித்தால் பாஸிங் ரத்து என்பதையும் லுக்மானைப் பார்த்தே சொன்னார்.

"அளவு தப்பிப்போச்சே புள்ள."

"தப்பலியே. அளவெடுக்கும்போது உக்காந்தது நான்தானே மச்சான்."

எடை என்றால் குறைத்துவிடலாம். உயரத்தை என்ன செய்வது?

பக்கத்து சீட்டுக்கு எதிரே மட்டும் மெத்தையை அவள் மெல்லிசாக வைத்திருந்தாள். லுக்மான் இப்போது அங்கே உட்கார்ந்துதான் தினமும் கடைக்குப் போகிறார்.