கழிவுக் குழாய்

மனிதரில் ஓர் இனம் உண்டு. வீட்டில் எது பழுதானாலும் திருத்துபவரைக் கூப்பிட விடாது; எது ஒழுங்காக ஓடினாலும் கழற்றிப் பார்க்காமல் விடாது. உங்களுக்கும் ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். எனக்கு வருபவர் டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் இருக்கும் யேசுரட்ணம்.

காற்றாலை இறக்கைகளுக்கு நிறம் பூசுவது அவர் வேலை. சென்ற மாசியில் வீட்டு வளவிலுள்ள மேப்பிள் மரங்களில் துளையிட்டு வாளிகளைத் தொங்கவிட்டார். ஏன்? மகள் கிளோறியா ஒரு டேனிஷ் பொடியனைக் கட்டப்போகிறாள். அவனுடைய தாய் தகப்பன் ஞாயிறன்று முதன்முதலாக வருகிறார்கள். பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிட எங்கள் மரத்து இனிப்புப் பாணிதான் என்று மாப்பிள்ளையிடமே இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மரத்தில் வடிவது கிட்டத்தட்டத் தண்ணீர். அதைப் பாணியாக்க நாள் முழுக்க அடுப்பெரிய வேண்டும். நீங்களும் நானும் எரித்திருப்போம். யேசுரட்ணம் எரிப்பாரா? குடிதண்ணீர் சுத்தம் செய்யும் சவ்வு வடிகட்டி ஒன்றை இணையத்தில் வாங்கி, பாவித்த அழுத்தப் பம்ப் ஒன்றைப் பூட்டி, கராஜிலேயே ஒரு யந்திரம் செய்தார். மரநீரை உள்ளே தள்ளினால் இரண்டு குழாய்களால் பிரிந்து வரும். பெட்டியில் எழுதியிருந்தபடியே ஒன்றில் ‘நல்லது’ என்றும் மற்றதில் ‘கழிவு’ என்றும் சிட்டை ஒட்டினார். நல்லது சட்டிக்குப் போனது. கழிவு, வளவுக்குத் தண்ணீர் ஓடும் பீலிக்குப் போனது.

வெள்ளி மாலை சட்டி கொதித்தது. கொதித்துக் கொதித்து, அடியில் ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் வற்றியது.

“மரம் சரியில்லை,” என்றார். இன்னொரு துளை போட்டார். பிறகு பம்ப் சரியில்லை. பிறகு டென்மார்க்கின் குளிர் சரியில்லை. சவ்வைக் கழற்றிப் பூட்டினார், மூட்டுகளை முறுக்கினார், முறுக்கிய மூட்டொன்று கழன்று பீறிட்டதில், கராஜில் கொழுவியிருந்த மனைவி மாக்கிரட்டின் கோயில் கோட்டு தெப்பமாக நனைந்தது.

“ஆரையும் ஒருக்கால் கேளுங்கோவன்,” என்றார் மாக்கிரட்.

“ஆரைக் கேக்கிறது? இதைச் செய்தவன் நானெல்லோ?”

“அதுதான் கேக்கச் சொல்லுறன்.”

கிளோறியா கெஞ்சினாள். “அப்பா, கடையில ஒரு போத்தல் வாங்கி வைப்பம். அவையளுக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போயிடும்.”

வாங்கினாரா? இந்த இனம் வாங்காது.

ஞாயிறு வந்தது. சம்பந்தியும் மனைவியும் வந்தார்கள். பாணி வரவில்லை. வந்த மனிதர் யந்திரத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கிளோறியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கராஜில் யேசுரட்ணம் அழுத்தத்தைப் பற்றி டேனிஷில் ஒரு பிரசங்கமே செய்தார். அன்று பீலி உறைந்திருந்ததால் கழிவு ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தி குனிந்து, அதில் விரலைத் தோய்த்து, வாயில் வைத்தார்.

“ஐயோ, அது கழிவு!” பதற்றத்தில் யேசுரட்ணத்துக்குத் தமிழ்தான் வந்தது.

“இனிக்கிறது,” என்றார் அந்த மனிதர், டேனிஷில். மறுபடியும் தோய்த்தார்.

யேசுரட்ணமும் நக்கிப் பார்த்தார். பிறகு மற்றக் குழாயை. அது வெறும் தண்ணீர். குடிதண்ணீர்க்காரனுக்கு எது கழிவோ அதுதான் பாணிக்காரனுக்குச் சர்க்கரை. இரண்டு நாளாக வெறும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டு, பாணியை வளவுக்குப் பருக்கியிருக்கிறார்! காது நுனிவரை சூடேறியது. ஆனால் வாய்?

“இது பரிசோதனையின் இரண்டாம் கட்டம்,” என்றது வாய்.

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். தானும் ஒருமுறை உடுப்புத் தோய்க்கும் மெஷினைத் திருத்தி அடுத்த வீட்டாரின் நிலவறையை நிரப்பியவராம். இருவரும் கோட்டுகளைக் கழற்றிவிட்டு வாளியைச் சட்டியில் கவிழ்த்தார்கள். உள்ளே பெண்கள் ஜாமோடு பான்கேக்கை முடித்துவிட்டார்கள். இருட்டும் வேளையில், புகை மணக்க, அரைப் போத்தல் பாணியோடு இரண்டு தகப்பன்மாரும் உள்ளே வந்து, கரண்டியாலேயே குடித்தார்கள். கிளோறியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலியாணம் முடிந்தபின் இதில் யார் எந்த வீட்டுக்கு வந்து எதைக் கழற்றப்போகிறார்களோ என்ற பயம் புதிதாகப் பிடித்துக்கொண்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாசிக்கும்போதே, பம்பின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தால் அந்த மூட்டுக் கழன்றிருக்காதே என்று உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதா? ஓடியதென்றால், வீட்டிலுள்ளவர்கள் குறடு, சுத்தியலை ஒளித்துவைப்பது நல்லது.