குறையில்லாத ஊரின் கடைசி பஸ்

உலகில் எத்தனையோ அரசுகள் பஸ் விட்டிருக்கின்றன. ஆனால் விட்ட கையோடு, ‘மக்களே, மனசு குளிர்ந்ததா?’ என்று வீடு வீடாக வந்து கேட்ட மகத்தான அரசு நம்முடையது ஒன்றுதான்.

பல்லடத்திலிருந்து பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்காட்டுப்புதூருக்கு அந்தப் பாக்கியம் சித்திரையில் வாய்த்தது. ‘பொதுச்சேவைத் திருப்திக் கணிப்பு அலுவலர்’ அரங்கசாமி படிவக் கத்தையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே இருந்த பாப்பாயி வீட்டுக்குள் நுழைந்தார். பாப்பாயிக்குப் பல்லடத்து நூல் மில்லில் வேலை. ஊருக்கு இருப்பதோ ஒரே பஸ். இன்னும் ஒரு நாள் லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அவளுக்கு வயிறு முட்டப் புகார் இருந்தது. ஆனாலும் வேகாத வெயிலில் வந்த விருந்தாளி ஆயிற்றே! நாற்காலி போட்டு மோர் கொடுத்துவிட்டு, மனசு நோகப் பேசுவதா? கொங்கு நாடு பொறுக்குமா?

“பஸ் சேவை எப்படிங்கம்மா?”

“ஒரு குறையுமில்லீங்க.”

“மழைக்கு ஒழுகுதாமே?”

“ஒழுகுந்தானுங்க. உள்ளயே குடை புடிச்சுக்குவமுங்க.”

“நேரத்துக்கு வருதுங்களா?”

“வர்றப்ப வருதுங்க. பாவம், அதுக்கும் வயசாயிருச்சுங்களே. இன்னொரு டம்ளர் குடிங்க.”

ஊரே இப்படித்தான் உபசரித்தது. அலுவலர் எண்பத்து நாலு வீட்டு மோரையும் குடித்துவிட்டு, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு போனார்.

ஆடியில் அவரே சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கினார், சால்வையும் சான்றிதழுமாக. பஸ் நிறுத்தத்திலேயே மைக் பிடித்து முழங்கினார்: “முழுத் திருப்தி எய்திய ஊர் இது! இனி இங்கே செய்வதற்கு எதுவுமில்லை. ஆகவே குறை சொல்லும் ஊர் ஒன்றுக்கு இந்தப் பஸ்ஸை மாற்றுகிறோம். இன்றே கடைசி நடை!”

பழக்க தோஷத்தில் ஊர் கைதட்டிவிட்டது. ஊர் சார்பில் தன் தோளில் சால்வை விழுந்தபோதுதான் பாப்பாயிக்கு விஷயம் உறைத்தது.

“அய்யோ, நாளைக்கு நான் மில்லுக்கு எப்படிங்க போவேன்? வேலை போயிருமுங்களே!”

“கவலைப்படாதீங்கம்மா. ‘பஸ் இல்லாமை’ பத்தியும் கருத்துக் கேக்க வருவமுங்க” என்ற அலுவலர், நன்றியுரையை ஆரம்பித்தார். அது அரைமணி நேரம் ஓடியது. அதற்குள் அந்தப் பஸ், தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக, சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது.

அலுவலர் திரும்பிப் பார்த்தார். புழுதிதான் இருந்தது.

“ஏனுங்க, நான் பல்லடம் போகோணுமே?”

பாப்பாயி வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள், மோர் கொடுத்தாள். அவரிடமிருந்து ஒரு படிவத்தையும் பேனாவையும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

“பஸ் சேவை எப்படிங்க, சார்?”

அலுவலர் டம்ளரும் கையுமாக விழித்தார். மோர் குடித்த வீட்டில் என்னவென்று சொல்வது?

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. அப்ப, ‘திருப்தி’ன்னே எழுதிப்போட்டேனுங்க.”