ஜெயித்தது என் ஆப்தான்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவையும் அவளிடம் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

நாங்கள் சலவைக் கடை வைத்திருக்கிறோம். கீழே கடை, மேலே வீடு. நான் துவைப்பேன், கறை எடுப்பேன், இஸ்திரி போடுவேன். என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து அறுந்த பொத்தான்களைத் தைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் அன்பாகப் பேசுவாள். என்னிடம் பேசுவது வேறு. அதற்கு வெளுத்து வாங்குவது என்று பெயர். தொழிலுக்குப் பொருத்தம்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சுருக்கத்தைக் கண்டாலே என் கை இஸ்திரிப் பெட்டியைத் தேடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரு முனையில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு புதுச் சலவைக் கடை வந்தது. அவர்களிடம் ஆப் இருந்தது. போனில் தொட்டால் போதும், வீட்டுக்கே வந்து துணியை எடுத்துக்கொண்டு போவார்களாம். முதலில் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் எங்களைவிட்டுப் போயின. பிறகு வக்கீலின் கறுப்புக் கோட்டு போனது. எங்கள் கம்பியில் பாதிக்கு மேல் வெறும் ஹேங்கர்கள். காற்றடித்தால் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். நாளெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, நாளெல்லாம் துவைப்பதைவிட அலுப்பு.

"நாமளும் ஒரு ஆப் பண்ணிடுவோம்" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என்னிடம் பேசுவதற்கு முன்னால் எதையாவது கடித்தாள் என்றால் நான் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன்.

"எதுக்கு?"

"முனைக்கடைக்காரங்ககிட்ட இருக்கே."

"அவங்ககிட்ட பெரிய கண்ணாடி இருக்கு, ஏசி இருக்கு. அதையும் வாங்கறீங்களா? போன்ல திறக்கிற மாதிரி சின்னதா ஒரு வெப்சைட் போதும். என்ன ரேட்டு, கடை எப்ப திறந்திருக்கும், என் துணி ரெடியா. ஜனங்க கேக்கறது இவ்வளவுதான்."

"வெப்சைட்டெல்லாம் பழசும்மா."

"நாம மட்டும் என்ன புதுசா?"

"ஆப்னா போன்லயே நம்ம கடை படம் இருக்கும். தினமும் கண்ணுல படும்."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை கோட்டு துவைக்கிற மனுஷன், அதுக்காக வருஷம் பூரா நம்மள போன்ல குடிவச்சுப்பாரா?"

"நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம். தூங்கிட்டிருக்கிறவரைக்கூட எழுப்பிச் சொல்லலாம்."

"தூக்கத்துல எழுப்பினா துணி போடுவாரா, திட்டுவாரா?"

அவள் அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டாள்.

"பண்ணணும்னு ஆசைப்பட்டா பண்ணுங்க. போர்டுல 'ஆப்'னு எழுதறப்ப மட்டும் பாத்து எழுதுங்க. கடைசியில ஒரு 'பு' வந்து ஒட்டிக்கப்போகுது."

எனக்கு ஏன் இந்த ஆசை என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆப் செய்து தருகிறவர் ஒருவர் தாடியும் மடிக்கணினியுமாகக் கடைக்கு வந்திருந்தார். அதில் ஆர்டர் வரும் பக்கத்தைக் காட்டி, "இங்க உங்க பேருக்குக் கீழ 'நிர்வாகி'ன்னு வரும் சார்" என்றார். கல்யாணமானதிலிருந்து யாரும் என்னை நிர்வாகி என்று சொன்னதில்லை. என்னை நிர்வகிக்கிறவளைத்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கேயே தலையாட்டிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, ஒரு பந்தயம்" என்றாள். "நீங்க ஆப் வைங்க. நான் வெப்சைட் வைக்கிறேன். ஒரு மாசம் பாப்போம். எதுல ஆர்டர் அதிகம் வருதோ அவங்க ஜெயிச்சாங்க."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சவங்க தன்னோடதை விடாம நடத்தணும்."

நடத்தலாம் என்று சொல்லவில்லை, நடத்தணும் என்றாள். ஒரு எழுத்து இரண்டு எழுத்து மாறினால் வாழ்க்கையே மாறும் என்பது அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? கை குலுக்கினேன். அவள் கையில் ஊசி இருந்தது.

எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரம்மா துணைக்கு வர, அவள் வெப்சைட் இரண்டொரு நாளில் தயாராகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் "உங்க நம்பருக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், தொட்டா திறக்கும்" என்பாள். அவர்கள் தொடுவார்கள். திறக்கும். அவ்வளவுதான் கதை.

என் கதை அப்படியில்லை. ஆப் வந்து சேர்ந்த நாளிலிருந்து கல்லாவுக்கு முன்னால் நின்று, வருகிறவர்கள் கையிலிருந்த போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ரிட்டயரான தலைமையாசிரியை ஒருவர் பட்டுப் புடவை கொடுக்க வந்தார்.

"ஒரு நிமிஷம்தான் டீச்சர், போட்டுத் தர்றேன்."

"போடுப்பா."

போன், இடம் போதவில்லை என்றது.

"டீச்சர், எதையாவது அழிக்கணும்."

"எதை?"

"போட்டோ நிறைய இருக்கு."

"அது என் பேரன்."

"ஒண்ணு ரெண்டு..."

"உன் ஆப்புக்காக என் பேரனை அழிக்கணுமா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து வந்தவர் பாஸ்வேர்டை மறந்திருந்தார். அவர் மகளைக் கேட்டால் தெரியும் என்றார். மகள் வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவர் போனில் ஆப் இறங்கியேவிட்டது. உடனே அவர் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது.

"நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கு எதுக்கு?"

"துணி எடுக்க வர்றதுக்குத்தான் சார்."

"நான் உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

அவரும் அழித்துவிட்டுப் போனார். மனைவி ஒரு சட்டைக் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலரில் சிரிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அவள் தோள் குலுங்கியது.

அரை மாதம் போனது. அவள் வெப்சைட்டில் தினமும் நாலைந்து பேர். என் ஆப்பில் நானும் தாடிக்காரரும்தான். ஒரு மனிதன் குறுக்கு வழிக்குப் போவது கெட்ட எண்ணத்தால் இல்லை. களைப்பால்.

என் மைத்துனன், அதாவது அவள் தம்பி, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறான். அவனைத் தனியாகப் பார்த்தேன்.

"மாப்ள, உன்கிட்ட கத்துக்கிறவங்க எல்லாரும் என் ஆப்பைப் போட்டு ஒரு ஆர்டர் கொடுக்கணும். முதல் தடவை துவைச்சுத் தர்றது இலவசம். உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது."

"இலவசமா அத்தான்?"

"இலவசம்."

"வீட்டுத் துணியும் போடலாமா?"

"தாராளமா போடு."

அவன் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு அவன் என்றால் பயம். வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவர்கள் எல்லாம் முன்னால் வந்து ஆப்பைப் போட்டார்கள். என் போன் சிணுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். லிப்ட் இல்லாத கட்டடமாகவே தேடிப்பிடித்துக் குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு வீட்டில் சோபா உறை. ஒரு வீட்டில் தரைக் கம்பளம், நாய் முடியோடு. ஒரு வீட்டில் நாயே அதன்மேல் படுத்திருந்தது, எழுந்திருக்க மறுத்தது. எடுத்துவந்து, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடுப்பு என்று ஒன்று இருந்த இடத்தில் வலி மட்டும் இருந்தது.

ஆனாலும் ஆர்டர் எண்ணிக்கையில் அவளைத் தாண்டிவிட்டேன். அந்த ஒரு சந்தோஷத்தில் ஓடினேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெரிய ஓட்டலின் மேலாளர் கடைக்கு வந்தார். அவர்களுக்கு மேசை விரிப்புகளில் பட்ட எண்ணெய்க் கறை போகவே மாட்டேனென்கிறதாம். போனில் தேடியிருக்கிறார். என் மனைவி வெப்சைட்டில் எந்தக் கறைக்கு என்ன செய்வோம் என்று எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டிருக்கிறது.

"இனிமே எங்க விரிப்பு, நாப்கின் எல்லாம் உங்ககிட்டதான். எங்க வண்டியிலயே அனுப்பிடறோம்" என்றார்.

"நம்ம ஆப்லயும் ஆர்டர் பண்ணலாம் சார்" என்று குறுக்கே புகுந்தேன்.

"ஆப் வேறயா இருக்கு? தேடினப்ப வரலையே" என்று சொல்லிவிட்டு அவளிடம் கார்டு வாங்கிக்கொண்டு போனார்.

கம்பி நிறைந்தது. வக்கீலின் கோட்டுகூடத் திரும்பி வந்தது. அவர் துணி தயாரா என்று வெப்சைட்டில் பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம். ஹேங்கர்கள் கிணுகிணுக்க இடமில்லை. கடை பிழைத்துக்கொண்டது என்று எனக்கும் தெரிந்தது. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். சொன்னால் தோற்றதாக ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் நானே பேச்சை எடுத்தேன்.

"எண்ணிக்கையில யார் அதிகம்?"

"நீங்கதான்."

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்காம? நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றபடி, நான் மடித்து வைத்திருந்த திரைச்சீலையைக் கையில் எடுத்தாள். பச்சை, ஓரத்தில் வெள்ளைப் பூ. "இது என் தம்பி வீடு மாறினப்ப நான் வாங்கிக் கொடுத்தது."

எனக்கு நாக்கு உலர்ந்தது. உலர்த்தும் மெஷினில்கூட எதுவும் அவ்வளவு சீக்கிரம் உலராது.

"அவன் சொல்லிட்டானா?"

"அன்னைக்கே போன் பண்ணிட்டான். 'அக்கா, அத்தான் இலவசம்கிறாரு, கம்பளி அனுப்பலாமா'ன்னு கேட்டான். நான்தான், திரைச்சீலையையும் சேத்து அனுப்புடான்னேன். சோபா உறை யாரெல்லாம் வச்சிருக்காங்கன்னும் கேட்டுச் சொல்லச் சொன்னேன்."

"அப்ப நாய்க் கம்பளம்?"

"அது ஜெராக்ஸ் கடைக்காரம்மாவோட நாத்தனார் வீடு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சரி, போகட்டும். ஆப்பை மூடிடறேன்."

"அது எப்படி? ஜெயிச்சவங்க விடாம நடத்தணும்னுதானே பேச்சு. ஓட்டல் வேலை, கல்லா, கடை எல்லாம் நான் பாத்துக்கிறேன். துவைக்க ஓட்டல் வருமானத்துல ஒரு ஆளைப் போட்டுக்கலாம். நீங்க வீடு வீடாப் போய் எடுத்துட்டு வாங்க. வெயில்ல போறப்ப தொப்பி போட்டுக்கோங்க."

அன்பாகத்தான் சொன்னாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் அது.

அப்போது என் போன் சிணுங்கியது. ஆப்பில் ஒரு புது ஆர்டர். முகவரியைப் பார்த்தேன். இந்தக் கடைக்கு மேல் மாடி. கட்டில் விரிப்பு, தலையணை உறை, குளியலறை மிதியடி. குறிப்பு என்ற கட்டத்தில், 'வரும்போது மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டே வரவும்' என்றிருந்தது. நிமிர்ந்தேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருந்தது. 'மறுக்கிறேன்' என்ற பொத்தானை நிர்வாகி எவ்வளவு தேடியும் அதில் கிடைக்கவில்லை.