பாஸ் ஆகக்கூடாத பரீட்சை

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். கை பழகிப்போனதால் எழுதிவிட்டேன், நலமில்லை.

உன் மருமகள் பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரங்கள் ஏழையும் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். கேட்டால், "அதுங்க என்னைத் திட்டிக்கிட்டே இருக்குப்பா" என்கிறாள். தலைமையாசிரியர் போலீஸுக்குப் போய்விட்டார். நீதிபதி அம்மா நல்ல மனுஷி. "மனசுல நோய் இருக்குன்னு டாக்டர் எழுதினா, வழக்கை நிறுத்திட்டு வைத்தியத்துக்கு அனுப்புறேன். இல்லன்னா சீர்திருத்த இல்லம்தான்" என்றார். என் காதில் ஏறியதோ நோய் என்ற சொல் மட்டும். நம் குடும்பத்திலா? நாளைக்கு இவளை யார் கட்டுவான்? மூன்று நாள் லீவு போட்டு, ஐம்பது கேள்வி எழுதி, பதிலும் சொல்லிக்கொடுத்தேன். "குரல் கேக்குதா?" "இல்லை டாக்டர்." "தூக்கம் வருதா?" "படுத்ததும் வருது டாக்டர்." பாவம், அச்சுப் பிசகாமல் ஒப்பித்தாள். டாக்டர் பூரண நலம் என்று எழுதிவிட்டார். நான் பல்லெல்லாம் தெரிய அதை நீட்ட, வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "பாஸ் ஆகக்கூடாத பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்க வச்சிட்டீங்களே ஐயா!"

அக்கா, முப்பது வருஷமாகப் பஸ்களைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கிறவன் நான். துருவின் மேல் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தால் நகத்தால் சுரண்டிப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவேன். என் பிள்ளைக்கு நானே பெயின்ட் அடித்திருக்கிறேன்.

கெஞ்சிக் கூத்தாடி மறுபரிசோதனை வாங்கியிருக்கிறோம், அடுத்த வாரம் புதன்கிழமை. அதுவரை சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் அவள் ஹாஸ்டலில் இருப்பதாகச் சொல்லிவை. போன விடுமுறையில் உன் வீட்டில் அவள் சுவரோடு சண்டை போட்டதைப் பற்றி மூச்சு விடாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் படித்துவிட்டாள். "அப்பா, இந்தத் தடவை நிஜத்தையே சொல்லிடட்டுமா? பொய்யெல்லாம் ஞாபகம் வச்சுக்க ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா" என்றாள். அக்கா, அழுதுவிட்டேன். மேலே எழுதியது எதையும் கேட்காதே. ஹாஸ்டலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ பார்த்ததை டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. நம் வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் முந்தாநாளே நானே கழற்றிவிட்டேன். மணி தெரியாமல் இரண்டு நாளாக ஆபீசில் திட்டு வாங்குகிறேன், வாங்கிக்கொள்கிறேன். நீயும் கைக்கடிகாரத்தை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா.