ஒற்றைக்கை வாத்தியாரும் என் குடுமியும்

இரண்டு கையும் முழுசாக வைத்துக்கொண்டு ‘ஒற்றைக்கை’ என்று பெயர் வாங்கியவர் தாமிரபரணிக் கரையிலேயே அவர் ஒருவர்தான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ரசாயன வாத்தியார். இந்தப் பக்கம் நான் தமிழ் வாத்தியார்.

லித்தியம் என்றால் அவருக்கு உயிர். உலோகங்களிலேயே லேசானது, எண்ணெயிலும் மிதக்கும் என்று உருகுவார், கண்ணால் பார்த்ததில்லை. வாங்கவும் வழியில்லை. ஆகவே பையன்களையே லித்தியமாக்கினார். லித்தியத்துக்கு ஒரே கை. மறு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். குளோரினுக்கும் ஒரு கை. இருவரும் பிடித்துக்கொண்டால் லித்தியம் குளோரைடு. ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஆளுக்கொரு பக்கம் இரண்டு லித்தியம் வேண்டும். சொல்லிச் சொல்லி, கடைத்தெருவில் நடக்கும்போதும் அவர் கை ஒன்று முதுகுக்குப் போய்விடும்.

நைட்ரஜனுக்கு மூன்று கை. அதற்குத்தான் நான்.

“வாரும்வே, மூணாவது கை உம்ம குடுமிதான்.”

“செய்யுள் பாதியில நிக்குதுவே!”

“நிக்கட்டும். காத்து முழுக்க நைட்ரஜன் கிடக்கு, ஆனா லேசுல எவனோடயும் சேராது, உம்மைப் போல. லித்தியம்தான் அதையும் போய்ப் பிடிக்கும்.”

மூன்று பையன்கள் பிடிப்பார்கள். குடுமியைப் பிடித்தவன் மட்டும் மணியடித்தாலும் விடமாட்டான்.

ஒருநாள் திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தங்கள் தெருவுக்குள் விடாத சாதிப் பையனோடு மகன் கைகோத்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“பெட்டியைக் கட்டுலே! படிச்சது போதும்.”

விடுதியில் தங்கிப் படித்த மகன் விம்மினான். படிப்பென்றால் சோற்றை மறப்பவன்.

“கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி,” என்றார் ஒற்றைக்கை, பைய. “ஒரு நிமிசம். ஆக்சிஜனுக்கு ஆள் இல்ல. இங்கன நின்னு ரெண்டு கையையும் நீட்டுங்க.”

வாத்தியார் சொன்னால் கையை நீட்டிப் பிரம்படி வாங்கிய தலைமுறை. நீட்டிவிட்டார். ஒரு கையை மகன் பிடித்தான். மறு கையை அந்தப் பையன்.

அண்ணாச்சி உதறப் போனார். உதறவில்லை.

“என்னலே, கை இப்பிடி நடுங்குது?” மகனைக் கேட்கவில்லை, அந்தப் பையனைக் கேட்டார்.

“பயமா இருக்குய்யா.”

“நான் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறேன்?”

“பாத்துக்கிடுங்கலே,” என்றார் ஒற்றைக்கை. “இதுதான் லித்தியம் ஆக்சைடு.”

அண்ணாச்சி நேரே ஆற்றுக்குப் போய் முங்கி முங்கிக் குளித்தார். ஆனால் பெட்டியையும் மகனையும் விடுதியிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறினார்.

பிறகு ஒற்றைக்கைக்கு வடக்கே எங்கோ வேலையாயிற்று. ரயிலடியில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, மறு கையால் என் குடுமியைப் பிடித்தபடி நின்றார். வண்டி ஊதிய பிறகுதான் விட்டார்.

இப்போது ஊரே கிராப்பு வைத்துக்கொண்டுவிட்டது. இந்த நாலு நரைமயிரை எதற்கு முடிந்துவைத்திருக்கிறீர் என்று என்னைக் கேட்கிறார்கள். என்றைக்காவது அவர் வந்தால், பிடிக்க ஒரு கை வேண்டாமா?