மேலிறக்கையா, கீழிறக்கையா?

விமானத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இறக்கை வேண்டும் என்பது, எங்கள் பாரிஸ் விமான அமைச்சகம் போர்க்காலத்தில் கண்டறிந்து, போர் முடிந்த பிறகும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்த உண்மை. மேலிறக்கையைப் பரிசோதிக்கும் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. கீழிறக்கைப் பிரிவு தரைத்தளத்தில். இதைவிடப் பொருத்தமாக ஓர் அலுவலகத்தை அமைக்க யாராலும் முடியாது.

இந்த ஒழுங்கைக் கெடுத்தவர் எங்கள் பட்டறை முதலாளி அன்செல்ம் ருஃபியே. ஒரே இறக்கை வைத்து, அதையும் அடிவயிற்றில் பொருத்தி, ஒரு பந்தய விமானம் செய்தார். எத்தாம்ப் மைதானத்தில் அது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மறுவாரமே பாரிஸ் பெண்கள் ஒற்றைச் சிறகுத் தொப்பியோடு நடமாடினார்கள். ஒரு விருந்தில் அந்தச் சிறகு குத்தி ஒரு தூதருக்குக் கண் சிவந்துவிட்டது.

தொப்பிக்கடைக்காரர்கள் கொழித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக் கோப்பை. அதைச் சமைத்துத் தின்ன முடியாது. இதையே போர்விமானமாக இராணுவம் வாங்கினால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் அந்த ஒற்றை இறக்கையை நம்பித்தான் இருந்தது.

ருஃபியேவோடு நானும் அமைச்சகத்துக்குப் போனேன். தரைத்தளத்து அதிகாரி தெஸ்கூர் வரைபடத்தை அன்போடு பார்த்தார்.

"கீழிறக்கை அருமையா இருக்கு முசியே. மேலிறக்கை எங்க?"

"கிடையாதுங்க. இருக்கிறதே இது ஒண்ணுதான்."

"மேல ஒண்ணு இருந்தாத்தானே இது கீழிறக்கை? இல்லைன்னா இதுதான் மேலிறக்கை. மூணாம் மாடிக்குப் போங்க."

மூன்றாம் மாடி அதிகாரி பூஜோல், விமானியின் காலுக்குக் கீழே இருப்பது எப்படி மேலிறக்கை ஆகும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். படி ஏறி இறங்கியே எங்களுக்குக் குளிர்காலம் போனது. கடைசியில் எங்கள் விமானி கோந்த்ரான் பொறுமை இழந்து, இரண்டு பேரையும் மைதானத்துக்கு அழைத்து வரச் சொன்னார்.

நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார்கள். கோந்த்ரான் நேராகப் பறந்தார். இறக்கை கீழே இருந்தது. தலைகீழாகக் கவிழ்ந்து பறந்தார்; இறக்கை மேலே வந்தது. நிமிர்ந்தால் தன் பிரிவு என்று தெஸ்கூரும், கவிழ்ந்தால் தன் பிரிவு என்று பூஜோலும் ஒப்புக்கொண்டு கைகுலுக்கினார்கள். ருஃபியேவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் தெஸ்கூர் தாடையைச் சொறிந்தார்.

"கவிழறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பக்கவாட்டுல நிக்குதே. அப்ப அது யாரோட இறக்கை?"

பூஜோல் முகம் வெளுத்தது. "அந்த நேரத்துல பொறுப்பான அதிகாரியே இல்லாம ஒரு மனுஷன் ஆகாயத்துல இருக்கான்."

குடியரசு இதைப் பொறுக்குமா? முதல் மாடியில் சாய்விறக்கைப் பிரிவு தொடங்கப்பட்டது. நிபுணர் வேண்டுமென்று ருஃபியேவையே தலைவராக்கினார்கள். அவரோடு எங்களையும் எடுத்துக்கொண்டார்கள், ஓய்வூதியத்தோடு. பட்டறையை மூடினோம்; யாரும் அழவில்லை. விமானம் ஆய்வுக்காக எங்கள் அலுவலகத்திலேயே சாய்த்து நிறுத்தப்பட்டது. இறக்கையில் மேலங்கி மாட்ட மிகவும் வசதியாக இருந்தது.

கோந்த்ரான் மட்டும் தினமும் காலையில் வந்து, எப்போது பறக்கலாம் என்று கேட்பார். சாய்வின் அளவு இன்னும் முடிவாகவில்லை என்பார் ருஃபியே. அவரைப் பார்க்க எங்களுக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

சில வருடங்கள் போயின. ஒரு நாள் கிளோதில்த் என்ற பெண் பொறியாளர் புது வரைபடத்தோடு வந்தார். ருஃபியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"சக்கரம் எங்கம்மா?"

"மேல போனதும் உள்ள மடிஞ்சுக்கும் முசியே. வேகம் கூடும்."

"கண்ணுக்குத் தெரியாத சக்கரத்தை எந்தப் பிரிவு பரிசோதிக்கும்?"

கிளோதில்த் பதில் சொல்வதற்குள் ஜன்னல்கள் அதிர்ந்தன. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கிழக்கிலிருந்து வந்த போர்விமானம் ஒன்று கூரைகளுக்கு மேலே சீறிப் போனது. ஒற்றை இறக்கை, சக்கரமே தெரியவில்லை, எங்கள் நாட்டுக் கொடியும் அதில் இல்லை. கோந்த்ரான் ஓடிப்போய் எங்கள் விமானத்தின்மேல் தொங்கிய மேலங்கிகளை அள்ளித் தரையில் வீச ஆரம்பித்தார்.

ருஃபியே ஜன்னலைச் சாத்தித் தாழிட்டார்.

"அனுமதி வாங்கியிருக்க மாட்டான்" என்றார்.

எங்களுக்கும் அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. தரையில் கிடந்த மேலங்கிகளைத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.